நிற்காத தேர்தலில் தோற்றவர்: காங்கிரஸ் உறுப்பினர் லிங்கனின் ஒரே தவணை

தன்னம்பிக்கை நூல்களிலும் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் ஆபிரகாம் லிங்கனின் தோல்விப் பட்டியல் ஒன்று பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. வியாபாரத்தில் நஷ்டம், சட்டமன்றத் தேர்தலில் தோல்வி, காதலியின் மரணம், செனட் தேர்தலில் தோல்வி என்று ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டு போய், கடைசி வரியில் 1860இல் ஜனாதிபதி ஆனார் என்று முடியும் பட்டியல் அது. அதன் நடுவில், 1848ஆம் ஆண்டுக்கு எதிரே, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தலில் தோல்வி என்று எழுதியிருக்கும். மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாக நம் பள்ளி விழாக்களில் வாசிக்கப்படும் கடிதத்துக்கு அசல் எதுவும் இல்லை; இந்த வரியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். 1848இல் லிங்கன் காங்கிரஸ் தேர்தலில் போட்டியிடவே இல்லை.

பட்டியலை நம்பாத, கொஞ்சம் வரலாறு படித்தவர்களிடம் வேறொரு விளக்கம் இருக்கிறது. மெக்சிகோவுடன் நடந்த போரை எதிர்த்துப் பேசியதால் சொந்தத் தொகுதியின் வெறுப்புக்கு ஆளாகி, மறுபடி நிற்க வழியில்லாமல் அவர் ஊர் திரும்பினார் என்பது அந்த விளக்கம். லிங்கனின் வக்கீல் தொழில் கூட்டாளியான வில்லியம் ஹெர்ன்டனே பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஏறக்குறைய இப்படிச் சொன்னதால் அதற்கு ஒரு மதிப்பும் வந்துவிட்டது. 1847 டிசம்பர் முதல் 1849 மார்ச் வரை நீடித்த அந்த ஒரே தவணையை, முன்னும் பின்னும் நடந்தவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது இந்த விளக்கமும் நிற்கவில்லை என்பதே என் முடிவு.

முறை வைத்துக்கொண்ட தொகுதி

1840களில் இல்லினாய்ஸ் மாநிலத்துக்குக் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஏழு இடங்கள் இருந்தன. மாநிலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. லிங்கனின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு நகரை உள்ளடக்கிய ஏழாவது தொகுதி மட்டுமே, அவர் அப்போது இருந்த விக் கட்சி நிச்சயமாக வெல்லக்கூடியது. அந்த ஓர் இடத்துக்கு ஜான் ஹார்டின், எட்வர்ட் பேக்கர், லிங்கன் என்று மூன்று வக்கீல்கள், மூவரும் ஏறக்குறைய ஒத்த வயதினர், ஒரே நேரத்தில் ஆசைப்பட்டார்கள். 1809இல் பிறந்த லிங்கன் அதற்குள் நான்கு முறை மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்து முடித்துவிட்டார். அடுத்த படி காங்கிரஸ்தான்.

1843இல் லிங்கனின் சொந்த வட்டாரக் கட்சிக்காரர்கள் அவரை விட்டுவிட்டுப் பேக்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். அது போதாதென்று, பேக்கருக்காகத் தொகுதி மாநாட்டில் வாதாடும் பிரதிநிதியாக லிங்கனையே அனுப்பினார்கள். தன் காதலியைத் தட்டிக்கொண்டு போனவனுக்கே மாப்பிள்ளைத் தோழனாக நிற்கும் நிலைமை தன்னுடையது என்று அவர் நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு எழுதினார். பீக்கின் என்ற ஊரில் கூடிய அந்த மாநாட்டில் கடைசியில் வாய்ப்பு ஹார்டினுக்குப் போயிற்று. அப்போது லிங்கன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: அடுத்த முறைக்குப் பேக்கரை இந்த மாநாடு பரிந்துரைக்கிறது. எழுத்தில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் ஆளுக்கு ஒரு தவணை என்று முறை வைத்துக்கொள்வது, ஹார்டினுக்குப் பிறகு பேக்கர், பேக்கருக்குப் பிறகு தான் என்ற புரிதல் அந்தத் தீர்மானத்துக்குள் இருந்ததாகவே லிங்கன் எடுத்துக்கொண்டார்.

ஹார்டின் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1846இல் அவர் மறுபடி களமிறங்கப் பார்த்தபோது, லிங்கன் ஊர் ஊராகக் கடிதம் எழுதி, பத்திரிகை ஆசிரியர்களைப் பிடித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆள் சேர்த்து அவரைத் தடுத்தார். ஹார்டின் நல்லவர், திறமையானவர் என்பதை மறுக்காமல், 'முறை என்றால் முறைதான்' என்ற ஒரே வாதத்தை வைத்தே எதிராளியை விலகச் செய்த வேலை அது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முறை என்ற ஆயுதத்தால் இடத்தைப் பிடித்தவர், இரண்டு ஆண்டு கழித்து அதே முறை தன்னைக் கட்டாது என்று சொல்ல முடியாது. நண்பர்களுக்கிடையே இதனால் பெரிய பகை மூளவில்லை. 1846 மார்ச்சில் பிறந்த தன் இரண்டாவது மகனுக்கு லிங்கன் எட்வர்ட் பேக்கர் என்றே பெயர் வைத்தார்.

பொதுத்தேர்தலில் எதிர்த்து நின்றவர் குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த மெதடிஸ்ட் போதகர் பீட்டர் கார்ட்ரைட். லிங்கன் மத நிந்தனை செய்பவர் என்ற பேச்சு பரவியதால், தாம் எந்தக் கிறிஸ்தவ சபையிலும் உறுப்பினர் அல்ல என்பது உண்மை, ஆனால் வேத வாக்கியங்களின் உண்மையை ஒருபோதும் மறுத்ததில்லை என்று அவர் ஒரு துண்டறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. 1846 ஆகஸ்ட் 3 வாக்குப்பதிவில் லிங்கனுக்கு 6,340 வாக்குகள், கார்ட்ரைட்டுக்கு 4,829.

அன்றைய நாட்காட்டி இந்த ஆய்வுக்கு முக்கியமானது. ஆகஸ்ட் 1846இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவையில் உட்கார்ந்தது பதினாறு மாதம் கழித்து, 1847 டிசம்பர் 6இல். இல்லினாய்ஸின் அடுத்த காங்கிரஸ் தேர்தல் 1848 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. அதாவது, முதல் கூட்டத்தொடர் பாதியில் இருக்கும்போதே அடுத்த வேட்பாளரைக் கட்சி முடிவுசெய்ய வேண்டும். இரண்டாவது கூட்டத்தொடர் தொடங்கும்போது அடுத்த உறுப்பினர் தேர்வாகி வீட்டில் காத்திருப்பார். செயலை வைத்து ஓர் உறுப்பினரைத் தொகுதி எடைபோட அந்த அமைப்பு அதிக அவகாசம் தரவில்லை.

'எந்த இடம்?'

வாஷிங்டனில் லிங்கன் குடும்பம் தங்கியது திருமதி ஸ்பிரிக் நடத்திய விடுதியில். இன்று காங்கிரஸ் நூலகத்தின் பழைய கட்டடம் நிற்கும் இடத்தில், நாடாளுமன்றத்துக்கு எதிரே இருந்தது அது. அடிமை முறையை எதிர்த்த உறுப்பினர்கள் பலர் அங்கே தங்கியதால் அதற்கு ஒழிப்பாளர் வீடு என்ற பட்டப்பெயர் உண்டு. அங்கே சாப்பிட்டுவந்த இளம் மருத்துவர் சாமுவேல் பியூசி எழுதிவைத்த குறிப்பில் லிங்கன் கண்முன் தெரிகிறார்: மேஜையில் சச்சரவு சூடேறும் நேரத்தில் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்து, முழங்கைகளை ஊன்றி, முகத்தைக் கைகளுக்கு நடுவே தாங்கிக்கொண்டு, 'இதைக் கேட்டதும் ஒன்று ஞாபகம் வருகிறது' என்று கதை தொடங்குவாராம்.

மனைவி மேரி 1848 வசந்தத்தில் குழந்தைகளுடன் தன் தந்தை வீட்டுக்குப் போய்விட்டார். ஏப்ரல் 16ஆம் தேதி லிங்கன் அவருக்கு எழுதிய கடிதம், இந்தத் தவணையைப் பற்றிய எந்த உரையையும்விட எனக்கு நெருக்கமானது. நீ இங்கே இருந்தபோது வேலைக்குக் கொஞ்சம் இடைஞ்சல் என்று நினைத்தேன், இப்போது வேலையைத் தவிர ஒன்றுமில்லாமல் ஆனபின் அது சப்பென்று ஆகிவிட்டது என்கிறார். சின்னவன் எட்டிக்குக் கட்டம்போட்ட காலுறை வாங்கக் கடை கடையாக அலைந்ததையும், ஒரு கடை மூடிப்போயிருந்ததையும், இன்னொன்றில் சொன்ன மாதிரி கிடைக்காததையும், அவனுடைய சின்னப் பாதங்களுக்குப் பொருந்தும்போலத் தெரிந்தது ஒரே ஒரு ஜோடி என்பதையும் எழுதுகிறார். அந்தப் பிள்ளை 1850 பிப்ரவரியில் இறந்துபோனான்.

போர் விஷயத்துக்கு வருவோம். ஜனாதிபதி ஜேம்ஸ் போல்க், மெக்சிகோ 'அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தத்தைச் சிந்தியது' என்று 1846 மே மாதம் காங்கிரஸுக்கு எழுதிப் போரைத் தொடங்கினார். நியூசெஸ், ரியோ கிராண்டே என்ற இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட அந்த நிலம் யாருடையது என்பதுதான் தகராறே. 1847 டிசம்பர் 22இல், அவைக்கு வந்து மூன்று வாரம்கூட முடியாத லிங்கன், எட்டுக் கேள்விகள் கொண்ட தீர்மானத்தை முன்வைத்தார். ரத்தம் சிந்திய அந்த இடம் எது? அது ஸ்பெயினுடையதாக இருந்து மெக்சிகோ புரட்சியால் மெக்சிகோவுக்குப் போன நிலமா, இல்லையா? அங்கே குடியிருந்தவர்கள் எப்போதாவது அமெரிக்க அரசுக்கு வரி கட்டியதுண்டா, வாக்களித்ததுண்டா? குறுக்கு விசாரணையில் பழகிய வக்கீலின் கேள்விகள் இவை. ஜனவரி 3இல், போர் 'தேவையின்றியும் அரசியலமைப்புக்கு முரணாகவும்' ஜனாதிபதியால் தொடங்கப்பட்டது என்ற திருத்தத்துக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார். அது 85க்கு 81 என்று நிறைவேறியது. ஜனவரி 12இல் நீண்ட உரை. போல்க் பதில் சொல்லவே இல்லை. தீர்மானமும் விவாதத்துக்கு வராமல் கிடப்பில் போயிற்று.

இதில் லிங்கனுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. 1846 மே இறுதியில் ஸ்பிரிங்ஃபீல்டில் போருக்கு ஆள் சேர்க்கும் கூட்டத்தில் பேசியவர்களில் அவரும் ஒருவர். தேர்தல் பிரசாரத்தில் போரை எதிர்த்து அவர் வாய் திறந்ததில்லை. அவர் வாஷிங்டன் போவதற்குள், அவரிடம் இடத்தை விட்டுக்கொடுத்த ஹார்டின் 1847 பிப்ரவரியில் புவேனா விஸ்டா சண்டையில் உயிர் விட்டிருந்தார். அப்படிப்பட்ட தொகுதியின் உறுப்பினர், 'எந்த இடத்தில் ரத்தம் சிந்தியது' என்று கேட்டால் ஊரில் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஜனநாயகக் கட்சிப் பத்திரிகைகள் அவருக்குப் 'புள்ளிக்கார லிங்கன்' என்று பட்டம் கட்டின. இடத்தையும் புள்ளியையும் குறிக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்து விளையாடிய கேலி அது. ஹெர்ன்டனே கலங்கிப்போய் எழுதினார். லிங்கனின் பதில் கூர்மையானது: என் இடத்தில் நீ இருந்திருந்தால், பொய் என்று தெரிந்த ஒன்றுக்கு வாக்களித்திருப்பாயா?

அதே ஹெர்ன்டனுக்கு பிப்ரவரி 15இல் எழுதிய கடிதம்தான் இந்த விவகாரத்தில் நிலைத்தது என்று நினைக்கிறேன். படையெடுப்பைத் தடுக்கத் தேவை என்று ஜனாதிபதி கருதும்போதெல்லாம் அண்டை நாட்டுக்குள் புக அவரை அனுமதித்தால், இஷ்டத்துக்குப் போர் தொடுக்க அனுமதித்ததாகிவிடும் என்றது அந்தக் கடிதம். மன்னர்கள் மக்களை ஓயாமல் போரில் தள்ளி வறுமையாக்கினார்கள் என்பதால்தான் அரசியலமைப்பு அந்த அதிகாரத்தைக் காங்கிரஸிடம் கொடுத்தது என்று அவர் வாதிட்டார். அமெரிக்கப் படைகள் எங்கே அனுப்பப்பட்டாலும் இன்றும் எதிர்த்தரப்பு தேடி எடுக்கும் வரிகள் இவை. பின்னாளில் தானே ஜனாதிபதியாகி, போர்க்காலத்தில் அதிகாரங்களை மிகத் தாராளமாக எடுத்துக்கொண்டவர் எழுதியவை என்பது அவற்றின் வேடிக்கை.

கடிதங்கள் சொல்லும் தேதி

இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 1848 ஜனவரி 8இல், அதாவது போர் உரைக்கு நான்கு நாள் முன்பு, லிங்கன் ஹெர்ன்டனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அவர் மறுபடி வர வேண்டும் என்று ஊரில் சிலர் விரும்புவதாக ஹெர்ன்டன் எழுதியதற்கான பதில் அது. மறுபடி நிற்க மாட்டேன் என்று முன்பே தாம் அறிவித்ததையும், மற்றவர்களிடம் நியாயமாக நடந்துகொள்ளவும், நண்பர்களுக்குள் சமாதானம் காக்கவும், தொகுதி எதிரிக்குப் போய்விடாமல் இருக்கவுமே அப்படி அறிவித்ததையும் அதில் நினைவூட்டுகிறார். வேறு யாருமே விரும்பவில்லை என்றால் தன்னை மீண்டும் அனுப்பும் உரிமையை மக்களுக்கு மறுக்க முடியாது. ஆனால் மற்றவர்களுக்குப் போட்டியாக இறங்குவதைத் தன் வாக்கும் மானமும் தடுக்கின்றன என்று முடிக்கிறார். ஆசை இருந்தது என்பதை அந்த வாக்கியம் மறைக்கவில்லை. வாக்குக் கொடுத்தது போருக்கு எதிரான எந்த உரைக்கும் முன்னால் என்பதையும் அது காட்டுகிறது. டிசம்பர் தீர்மானத்துக்கு ஸ்பிரிங்ஃபீல்டில் கிளம்பிய எதிர்ப்பு, தபாலில் வாஷிங்டன் வந்து சேர்ந்து, அவரைப் பயமுறுத்தி, இந்தக் கடிதத்தை எழுதவைத்திருக்கும் என்று வாதிட இடமில்லை. ஏனெனில் அவர் குறிப்பிடுவது அதற்கு முந்திய அறிவிப்பை.

1848 ஆகஸ்டில் விக் கட்சிக்காக நின்றவர் ஸ்டீஃபன் லோகன். லிங்கனுடைய பழைய தொழில் கூட்டாளி. அவர் போர் வீரரான தாமஸ் ஹாரிஸிடம் 106 வாக்குகளில் தோற்றார். 'லிங்கனின் பாவத்துக்கு லோகன் பலி' என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது. ஓரளவு உண்மை இருக்கலாம். 106 வாக்குகள் எதனாலும் புரளக்கூடியவை. ஆனால் லோகன் மக்களிடம் எடுபடாதவர், எதிராளியோ மெக்சிகோவிலிருந்து திரும்பிய மேஜர். மூன்றே மாதம் கழித்து, நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அதே தொகுதி விக் கட்சியின் சக்கரி டெய்லரை வசதியாக முன்னிலைப்படுத்தியது. கட்சி மீது வெறுப்பு என்றால் அது மூன்று மாதத்தில் கரைந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும். டெய்லர் மெக்சிகோ போரின் தளபதி என்பதையும், அவரை வேட்பாளராக்கப் பாடுபட்டவர்களில் அந்தப் போரைக் கண்டித்த லிங்கன் முன்னணியில் இருந்தார் என்பதையும் ஒரு பெருமூச்சோடு குறித்துக்கொள்ளலாம்.

பத்தாண்டு கழித்து இந்த விஷயம் திரும்ப வந்தது. 1858இல் இல்லினாய்ஸின் ஒட்டாவா ஊர் விவாத மேடையில், நாட்டின் எதிரி பக்கம் நின்றவர் லிங்கன் என்று செனட் இடத்துக்கு அவரை எதிர்த்து நின்ற ஸ்டீஃபன் டக்ளஸ் சாடினார். போர் வீரர்களுக்கான பணத்துக்கும் தளவாடத்துக்கும் எதிராக லிங்கன் வாக்களித்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பழி ஓயவில்லை. சார்ல்ஸ்டன் மேடையில் அவர் பொறுமை இழந்து, மேடையில் உட்கார்ந்திருந்த ஜனநாயகக் கட்சிக்காரரும் 1848இல் தன்னுடன் அவையில் இருந்தவருமான ஆர்லாண்டோ ஃபிக்லினைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தி, நான் எப்படி வாக்களித்தேன் என்று நீரே சொல்லும் என்றார். பழி வலித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வலித்தது என்பதும், 1848இல் பதவியைப் பறித்தது என்பதும் வேறு வேறு.

ஜன்னலிலிருந்து தெரிந்த கொட்டகை

தவணையின் இரண்டாவது பாதி, தேர்தல் முடிந்து வாரிசும் தேர்வாகிவிட்ட பிறகு வந்த மூன்று மாதக் கூட்டத்தொடர், அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கோ அதுவே இந்த நிகழ்வின் கனமான பகுதி. நாடாளுமன்ற ஜன்னல்களிலிருந்து பார்த்தால் ஒரு கொட்டகை தெரியும் என்றும், தெற்கே சந்தைக்கு ஓட்டிச்செல்லக் கறுப்பின மக்களை அங்கே குதிரை மந்தைபோல் அடைத்துவைத்திருந்தார்கள் என்றும் லிங்கன் 1854இல் பியோரியாவில் நினைவுகூர்ந்தார். கொடுமை விடுதிக்குள்ளும் வந்தது. 1848 ஜனவரியில், திருமதி ஸ்பிரிக்கின் விடுதியில் பரிமாறுபவராக இருந்த ஒரு கறுப்பின மனிதர், தன் விடுதலைக்கான 300 டாலரில் சுமார் 60 டாலர் மட்டுமே பாக்கி என்ற நிலையில், ஆயுதங்களோடு வந்தவர்களால் மனைவியின் கண்ணெதிரே பிடித்துச் செல்லப்பட்டார். அதே மேஜையில் சாப்பிட்ட ஒஹையோ உறுப்பினர் ஜோஷுவா கிடிங்ஸ் விசாரணை கேட்டார், அவை மறுத்தது.

1849 ஜனவரி 10இல் லிங்கன் வாஷிங்டன் வட்டாரத்துக்கு ஒரு திட்டத்தை வாசித்தார். 1850 ஜனவரி 1க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை, சில காலம் பயிற்சியாளராக வேலை செய்த பின் சுதந்திரம் பெறும். இருப்பவர்களை விடுவிக்க உரிமையாளர் முன்வந்தால் கருவூலம் முழு விலையும் தரும். எல்லாவற்றுக்கும் முன்னால் வட்டாரத்து வெள்ளை ஆண் வாக்காளர்கள் ஒப்புதல் தர வேண்டும். தப்பி வரும் அடிமைகளை நகர நிர்வாகம் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சுமார் பதினைந்து பேரின் ஆதரவு இருப்பதாக அவர் சொன்னார். தெற்கின் எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஆதரவு காற்றாய்ப் போயிற்று. மசோதாவை அவர் தாக்கல் செய்யவே இல்லை. இரு பக்கமும் உதைத்த மத்தளம்தான்: தெற்கத்தியர்களுக்கு அது ஒழிப்பு, ஒழிப்பாளர்களுக்கோ, தப்பியவர்களைப் பிடிக்கும் ஷரத்தால் அது துரோகம். 1860இல் ஒழிப்பாளர் வெண்டல் ஃபிலிப்ஸ் அந்த ஷரத்தை எடுத்துக்காட்டி அவரை 'இல்லினாய்ஸின் அடிமை வேட்டை நாய்' என்றார்.

இதே கூட்டத்தொடரில் ஒரு சின்ன அவமானமும் நேர்ந்தது. மூன்று மாதம் மட்டும் உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர் ஹொரஸ் கிரீலி, பயணப்படியை உறுப்பினர்கள் சுற்றுவழிக் கணக்கில் வாங்குகிறார்கள் என்று தன் நியூயார்க் டிரிபியூனில் பெயர்வாரியாகப் பட்டியல் போட்டார். லிங்கன் பெயருக்கு எதிரே கூடுதலாக 676 டாலர் 80 சென்ட் இருந்தது. சட்டப்படி அது குற்றமில்லை. வழக்கமாகச் செல்லும் வழியைக் கணக்கிட அனுமதி இருந்தது.

1849இல் அவர் உண்மையிலேயே தோற்றது ஒரு நியமனத்தில். பொது நில அலுவலகத்தின் தலைமைப் பதவிக்காக ஓடியாடியும், டெய்லருக்காக உழைத்த லிங்கனை விட்டு, டெய்லரை விரும்பாத சிகாகோ வக்கீல் ஜஸ்டின் பட்டர்ஃபீல்டுக்கு அது போனது. ஆறுதலாகக் கிடைத்த ஒரிகன் ஆளுநர் பதவியை அவர் மறுத்தார். அந்த மே மாதம் வந்த ஒரே நல்ல செய்தி, மேட்டில் தட்டிய படகைக் காற்றுப்பைகளால் தூக்கும் கருவிக்கான 6469ஆம் எண் காப்புரிமை. பிறகு ஐந்தாண்டு வக்கீல் தொழில். 1859இல் தன் வாழ்க்கைக் குறிப்பில் அந்தத் தவணையை அவர் இரண்டே வாக்கியங்களில் முடித்தார்: 1846இல் ஒரு முறை காங்கிரஸின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். மறுதேர்தலுக்கு வேட்பாளராக நிற்கவில்லை.

1862 மார்ச் 24இல் ஜனாதிபதி லிங்கன், தன் பயணப்படியை அம்பலப்படுத்திய அதே கிரீலிக்கு ஒரு கடிதம் எழுதினார். வாஷிங்டன் வட்டாரத்தில் அடிமை முறையை ஒழிக்கும் மசோதா அப்போது காங்கிரஸ் முன் இருந்தது. படிப்படியாக நடப்பது, ஈடு கொடுப்பது, மக்களின் வாக்கைக் கேட்பது என்ற மூன்று அம்சங்களும் அதில் இருந்தால் தமக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தார். 1849 ஜனவரியில் அவையில் வாசித்த தாளின் எலும்புக்கூடு அது. வந்த மசோதாவில் ஈடு மட்டுமே இருந்தது, சராசரியாக ஆளுக்கு 300 டாலருக்கு மேற்படாமல். வாக்கெடுப்பும் இல்லை, படிப்படியும் இல்லை, விடுதலை உடனடியாக. ஏப்ரல் 16இல் அவர் கையெழுத்திட்டார்.